தலைமை அமைச்சரின் வெட்கம்

தலைமை அமைச்சருக்காக வெட்கப்படுவது என் வேலை. பதினாறு வருடங்களாகச் செய்து வருகிறேன். தலைமைச் செயலகத்தின் தரைத்தளத்தில், எழுதுபொருள் அறையை அடுத்து எங்கள் வெட்கப் பிரிவு இருக்கிறது. பதவியேற்கும் நாளில் தலைமை அமைச்சர் இரண்டு தாள்களில் கையெழுத்திடுவார். ஒன்று உறுதிமொழி. மற்றது, தன் வெட்கத்தை எங்கள் பிரிவிடம் ஒப்படைக்கும் படிவம். நாட்டை ஆளுகிறவருக்கு வெட்கப்பட நேரம் இருக்காது என்பதால் இந்த ஏற்பாடு.

தேர்வு எழுதித்தான் வேலைக்கு வந்தேன். மருத்துவப் பரிசோதனையில் என் காதுமடலை இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்த டாக்டர், "தோல் மெல்லியது, நன்றாகச் சிவக்கும்" என்று எழுதிக் கொடுத்தார்.

வருகைப் பதிவேட்டை முழங்கால் உயரமுள்ள ஒரு மேசையில் சங்கிலியால் கட்டி வைத்திருப்பார்கள். காலையில் வந்ததும் குனிந்து கையெழுத்திட வேண்டும். குனியும்போது முந்தைய நாளின் வெட்கம் பிடரி வழியாக உள்ளே இறங்கும். முதலில் காது சுடும். பிறகு கன்னம். பிறகு தலை தானாகத் தொங்கிவிடும். எங்கள் பிரிவு அலுவலர் தணிகாசலம் சார், பெயிண்டு கடைகளில் கொடுக்கும் நிற அட்டையை என் கன்னத்துக்கு அருகில் பிடித்து, எந்தச் சிவப்பு என்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார். பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகைச் செய்தி போகும்: "தலைமை அமைச்சர் இன்று நான்காம் எண் அளவுக்கு வெட்கப்பட்டார்."

எதிர் மேசையில் இருதயம் உட்கார்ந்திருப்பார். எதிர்க்கட்சித் தலைவர் வீரபத்திரனின் வெட்கம் அவர் பொறுப்பு. எதிர்க்கட்சித் தலைவருக்கும் அமைச்சர் தகுதி உண்டு என்பதால் அவருக்கும் ஒரு ஆள் ஒதுக்கியிருந்தார்கள். வீரபத்திரன் பகலெல்லாம் பேசுகிறவர். அதனால் இருதயத்துக்கு மாலைப் பதிவேடு.

தலைமை அமைச்சர் கோதண்டபாணி ஆட்சிக்கு வந்த ஆறு வருடங்களில் எனக்கு ஓய்வே இல்லை. அவர் தினமும் காலை ஆறு மணிக்கு வானொலியில் 'நெறி அமுதம்' என்று பத்து நிமிடம் பேசுவார். எளிமை, வாய்மை, பிறர் துன்பம் கண்டு இரங்குதல் என்று நாளுக்கு ஒரு பொருள். அவர் எளிமையைப் பற்றிப் பேசிய மறுநாள் எனக்கு மோர்கூட இறங்காது. என் கணவர் சந்தனம் இழைத்துக் காதில் தடவிவிடுவார். மற்றபடி எல்லா வேலையையும்போல இதுவும் ஒரு வேலைதான்.

ஐப்பசி மாதத்தில் வெண்மடை அணை நிரம்பியது. அணைக்கரையில் தலைமை அமைச்சரின் தோட்டவீடு இருக்கிறது. அன்று அங்கே அவர் மகளின் திருமண வரவேற்பு. பிற்பகல் மூன்று மணிக்கு அணைத் தண்ணீர் திருமணப் பந்தலின் முதல் படியைத் தொட்டது. மூன்றேகாலுக்கு அணையின் எல்லா ஷட்டர்களையும் திறந்தார்கள். திறப்பதற்கு முன் அணையின் அபாயச் சங்கை ஊதி எச்சரிக்க வேண்டும் என்பது விதி. நாதஸ்வரக் கச்சேரி நடந்துகொண்டிருந்ததால் ஊதவில்லை. அணைக்குக் கீழே தாழங்கரை என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பதினொரு பேர் போய்விட்டார்கள்.

நான்கு நாள் கழித்துத் தேசியப் பேரவையில் கோதண்டபாணி எழுந்து பேசினார்.

"தாழங்கரையில் யாரும் குடியிருக்கவில்லை. இல்லாதவர்கள் எப்படி இறக்க முடியும்?"

மேசைகளைத் தட்டி வரவேற்றார்கள்.

மறுநாள் காலை கையெழுத்திடக் குனிந்தவள் ஒரு மணி நேரம் நிமிர முடியாமல் அப்படியே இருந்தேன். தணிகாசலம் சார் நிற அட்டையைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "அட்டையில் இல்லை" என்று எழுதினார். அதுவே செய்தியாகப் போனது: "தலைமை அமைச்சர் அட்டையில் இல்லாத அளவுக்கு வெட்கப்பட்டார்."

நாடே அதைப் பற்றி விவாதித்தது. டீக்கடையிலும் ரயிலிலும் அதே பேச்சு. இவ்வளவு வெட்கப்பட்ட பிறகு அந்த மனிதரை இன்னும் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றது ஒரு தரப்பு. முந்தைய தலைமை அமைச்சரின் வெட்கம் நான்கு நாள் நீடித்தது, இது மூன்றே நாளில் வடிந்துவிட்டது என்றது இன்னொரு தரப்பு. ஒரு பேராசிரியர் தொலைக்காட்சியில் என் புகைப்படத்தைப் பெரிதாக்கி, இது சிவப்பு அல்ல, ஊதா கலந்த சிவப்பு, ஆகவே உண்மையான வருத்தம் என்று நிறுவினார். நான் பவுடர் போட்டிருப்பதாக ஒரு வாசகர் பத்திரிகைக்கு எழுதினார். ஆளுங்கட்சிக்காரர்கள் 'வெட்கத்தின் சிகரமே' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் கோதண்டபாணியின் சிரித்த முகம் பெரிதாகவும், கீழே மூலையில் என் காது சிறிதாகவும் இருந்தது. ஷட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமைதோறும் மூன்றிலிருந்து நான்கு மணிவரை பொதுமக்கள் வந்து தலைமை அமைச்சரின் வெட்கத்தைப் பார்க்கலாம். அந்த வியாழக்கிழமை நீண்ட வரிசை. பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடம் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவள் போகவில்லை. நாற்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை. என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியும். காதுலதான் அதிகம்."

"அவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

அவள் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எம் பேரு பூரணி. இது எம் பொண்ணு செவ்வந்தி, ஏழாவது படிச்சா. நான் கரும்பு வெட்டப் போயிருந்தேன். இதுல ஊரு பேரு என்னா போட்டிருக்கு? கொஞ்சம் படிங்க."

"தாழங்கரை."

"அப்ப எம் பொண்ணு இருந்தாளா, இல்லியா?"

"இருந்தா."

"நீங்க சொல்லி என்னா ஆவப் போவுது?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நீங்க செவக்கச் செவக்க அவரு வெளுத்துக்கிட்டே போறாரு. நேத்து டிவியில பாத்தேன். குளிச்சிட்டு வந்தவராட்டம் பளபளன்னு இருக்காரு. நீங்க மட்டும் இல்லன்னா அந்த மொகத்தை வச்சிக்கிட்டு அவரால வெளிய வந்திருக்க முடியுமா?"

மணி நான்கு அடித்தது. அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அதன் பிறகு அன்று எந்த வேலையும் ஓடவில்லை. வெட்கத்தின் எரிச்சல் எனக்குப் பழக்கம். இது வேறு எரிச்சல். காதில் இல்லை, நெஞ்சுக்குக் கீழே இருந்தது. பதினாறு வருடத்தில் முதல்முறையாக என்னுடையதாகவே ஒன்று எரிந்தது.

அன்று இரவுச் செய்தியிலும் கோதண்டபாணி தாழங்கரையில் யாரும் குடியிருக்கவில்லை என்றார். வெள்ளிக்கிழமை காலை 'நெறி அமுத'த்தின் பொருள் உண்மை பேசுதல். கேட்டுவிட்டு அலுவலகம் போனேன். பதிவேட்டின் முன்னால் நின்றேன். குனியவில்லை.

தணிகாசலம் சார் ஐந்து நிமிடம் காத்திருந்தார். "என்ன மரகதம்மா, முதுகு வலியா?"

"இல்ல சார்."

"கையெழுத்துப் போடலேன்னா அது உள்ள வராதே. வெளியவே நிக்குமே."

"நிக்கட்டும் சார்."

அவர் ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. நல்ல மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வெட்கப்பட மறுப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் பதிவுத் தபாலுக்கான விதியைப் பின்பற்றலாம் என்று முடிவு செய்தார்.

"உறையில 'பெறுநர் வாங்க மறுத்தார்'னு எழுதி அனுப்பினவருக்கே திருப்பணும். எழுதவா? எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது."

"எழுதுங்க சார். என் பேரையும் போடுங்க."

எழுதினார். முதல் உறையில் என் பெயர் விட்டுப்போனதால் இரண்டாவது உறை தேவைப்பட்டது. தலைமை அமைச்சர் அலுவலகத்தில் உறையை வாங்காததால் வெட்கம் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கு உருவம் கிடையாது. டீ பாய்லர் பக்கத்தில் நின்றால் அடிக்குமே, அந்தச் சூடுதான். அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தபடி போனார்கள். இரண்டு துணைச் செயலாளர்கள் திரும்பி வந்து, பழைய கோப்புகளில் எதையோ திருத்தித் தரச் சொன்னார்கள்.

இருதயம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருடத்துக்கு முன்பு வீரபத்திரன் நீர்வளத்துறை அமைச்சராக இருந்தபோது, தன் பிறந்தநாள் படகு விழாவுக்காக ஆற்றில் தண்ணீர் வேண்டும் என்று இதே ஷட்டர்களைத் திறக்கச் சொன்னார். துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் போனார்கள். அந்த வெட்கத்தை இருதயம் பதினொரு வாரம் சுமந்தார். அதிலிருந்து அவருக்கு இடது காது கேட்காது.

"அக்கா, அப்படி நிமிர்ந்து நின்னா எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"கழுத்து லேசா இருக்கு. பயமாவும் இருக்கு."

அவர் யோசித்துக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்கு என்னை அழைத்தார்கள். தலைப்பு: 'வெட்கப்பட மறுப்பது தேசத்துரோகமா?' என் வலப்பக்கம் ஆளுங்கட்சிப் பேச்சாளர் தில்லைவேந்தன். இடப்பக்கம் வீரபத்திரனே வந்திருந்தார்.

"இந்த அம்மா பதினாறு வருஷமா அரசாங்கச் சம்பளம் வாங்கறாங்க," என்று ஆரம்பித்தார் தில்லைவேந்தன். "நாட்டுக்கு ஒரு சோதனைன்னு வரும்போது தலைவரைக் கைவிடறாங்க. ஒரு தலைவரையே வெட்கப்பட விடறது எந்த நாகரிகம்?"

"அது அவரோடது," என்றேன். "அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன்."

"நீங்க கொடுத்த உறுதிமொழி என்ன ஆச்சு?"

"அவர் கொடுத்தது என்ன ஆச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் என்னோடதுக்குப் பதில் சொல்றேன்."

வீரபத்திரன் மேசையைத் தட்டினார். "கேட்டீர்களா இந்த வீரப் பெண்மணியை! அரசியலில் அறம் என்று ஒன்று வேண்டாமா? ஒரு சொட்டு மனசாட்சி இருந்தால் கோதண்டபாணி இந்த நிமிடமே..."

"நீங்க படகு விழாவுக்குத் திறந்தப்ப ரெண்டு பேர் செத்தாங்களே, ஐயா," என்றேன். "அவங்களுக்கு நீங்க எப்ப வெட்கப்பட்டீங்க?"

"அதற்கு நான் அன்றே முறைப்படி வெட்கப்பட்டுவிட்டேன். ஆவணம் இருக்கிறது."

"நீங்க படல. இருதயம் பட்டாரு. அவருக்கு ஒரு காது கேக்காது."

அதே நேரத்தில் எங்கள் பிரிவில் இருதயம் மாலைப் பதிவேட்டின் முன்னால் நின்றுகொண்டு விவாதத்தைப் பார்த்திருக்கிறார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து, வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். அவர் வாங்காமல் விட்ட வெட்கத்துக்குச் செயலகத்திலிருந்து தொலைக்காட்சி நிலையம் நடந்துபோகும் தூரம்தான். பதினோராவது நிமிடத்தில் வீரபத்திரன் அறம் என்ற சொல்லை மறுபடி எடுத்தார். முதல் எழுத்தைச் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவருடைய இரண்டு காதுகளும் செக்கச்செவேல் என்று ஆயின. நெறியாளர் விளம்பர இடைவேளை என்றார். இடைவேளை முடிந்தபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

அன்றே தலைமை அமைச்சர் கையெழுத்துடன் எனக்குத் தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தது. வராந்தாவில் நின்ற வெட்கத்தை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டுமே என்று சனிக்கிழமை அமைச்சரவை கூடியது. ஞாயிற்றுக்கிழமை அரசாணை வெளியானது. தலைமை அமைச்சரின் வெட்கத்தை இனி நாட்டு மக்கள் அனைவரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கு ஒலிக்கும். எல்லோரும் இருந்த இடத்திலேயே ஒரு நிமிடம் தலைகுனிய வேண்டும். தலைக்கு மிகக் குறைவாகத்தான் வரும், லேசான கூச்சம் மட்டுமே இருக்கும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு என்று விளக்கம் கொடுத்தார்கள். தொலைக்காட்சிகளில் அன்று முழுக்க ஒரு நிமிடம் அதிகமா, அரை நிமிடம் போதுமா என்று விவாதம் நடந்தது.

திங்கட்கிழமை நான் செயலகத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். எனக்கு வேலை இல்லாததால் வேறு எங்கும் போக வேண்டியதில்லை. பூரணி தாழங்கரைக்காரர்கள் சிலரோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். 

பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. வெண்மடை அணையில் அன்றைக்கு ஊதாத சங்கு அது. கழற்றி வந்து செயலக மாடியில் பொருத்தியிருந்தார்கள். பூரணி அதை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகவாய் மெல்ல உயர்ந்தது. அதை நான் பார்த்தேன். நானும் உயர்த்தினேன்.

யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. கொய்யாப்பழ வண்டிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். நடத்துநர் ஒருவர் படிக்கட்டில் தொங்கியபடி பார்த்தார். பேருந்துக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தார்கள். குனிகிறார்களா என்று கண்காணிக்க நிறுத்தப்பட்டிருந்த போலீஸ்காரரிடம் ஆய்வாளர் வந்து, "என்னய்யா மேல பாக்கறே?" என்று கேட்டார்.

"கழுத்து பிடிச்சிக்கிச்சு சார்."

"எல்லாருக்குமா?"

"எனக்கு என் கழுத்துதான் தெரியும் சார்."

ஆய்வாளர் சாலையின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் மேலே பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை. ஒரு பருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் முடிந்தும் யாரும் தலையை இறக்கவில்லை. இறங்க இடமில்லாமல் வெட்கம் எங்கள் தலைகளுக்கு மேலே சிறிது நேரம் நின்றது. பிறகு திரும்பி, பேரவைச் சாலையில் நடக்க ஆரம்பித்தது. பேக்கரியின் அடுப்புக் கதவைத் திறந்ததுபோல எங்களைக் கடந்து போனது. அதன் பின்னாலேயே நாங்களும் நடந்தோம்.

பிற்பகல் பேரவை கூடியது. பார்வையாளர் மாடத்தில் எனக்கும் பூரணிக்கும் இடம் கிடைத்தது. கோதண்டபாணி பதிலுரைக்கு எழுந்தார். உண்மையிலேயே பளபளப்பாக இருந்தார்.

"தாழங்கரையில் யாரும்..." என்று தொடங்கினார்.

காது சிவந்தது. கைக்குட்டையை எடுத்துக் காதை மூடிக்கொண்டார். கன்னம் சிவந்தது. அதற்குக் கைக்குட்டை போதவில்லை. தலை சிறிது சிறிதாகத் தாழ்ந்து, நெற்றி ஒலிவாங்கியில் போய் முட்டியது. 'டொக்' என்று அவை முழுவதும் கேட்டது. அவருக்கு அது பழக்கமே இல்லை. முதல்முறை எவ்வளவு எரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை வாங்கிக்கொள்ள நான் எழுந்து போகவில்லை.

"இருந்தார்கள்," என்றார் அந்த நிலையிலேயே. "பதினொரு பேர்."

"பெயர்களைச் சொன்னால்தான் அவைக்குறிப்பில் ஏற்ற முடியும்," என்றார் அவைத்தலைவர்.

அவருக்குப் பெயர்கள் தெரியாது.  பூரணி மாடத்தில் எழுந்து நின்றாள். பார்வையாளர்கள் பேசக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழேதான் நின்றாள்.

"மாசிலாமணி," என்றாள்.

"மாசிலாமணி," என்றார் தலைமை அமைச்சர்.

"குப்பம்மா."

"குப்பம்மா."

அவள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். ஒருமுறை அவர் குரல் தணிந்தபோது, "கேக்கல, சத்தமா," என்றாள். சத்தமாகச் சொன்னார். செவ்வந்தியின் பெயரைக் கடைசியில் சொன்னாள். அதை இரண்டு முறை சொல்ல வைத்தாள். காவலர்கள் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

கோதண்டபாணி அன்றே பதவி விலகினார். விலகல் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'கழுத்து' என்று எழுதியிருந்தார். மறுநாள் காலை வானொலியில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் எதுவும் ஒலிபரப்பாகவில்லை. தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர் முதல் தாளில் மட்டும் கையெழுத்திட்டார். இரண்டாவது தாளை யாரும் அவர் முன்னால் வைக்கவில்லை.

என் பணிநீக்கத்தில் கையெழுத்திட்டவர் விலகிவிட்டதால் ஆணை செல்லாமல் போனது. புதன்கிழமை வேலைக்குப் போனேன். வெட்கப் பிரிவுக்கு வேலை இல்லாததால் எங்களைச் சரிபார்ப்புப் பிரிவாக மாற்றியிருந்தார்கள். தாழங்கரையில் பதினொரு பேர் இருந்தார்கள் என்று அவைக்குறிப்பில் ஏறிவிட்டதால், இருப்பவர்கள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று அவர்கள் பெயருக்கே தணிகாசலம் சார் கடிதம் அனுப்பியிருந்தார்.

காலை பத்து நாற்பது மணிப் பேருந்தில் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். உடைகள் நனைந்திருந்தன. நாற்காலிகள் பாழாகாமல் இருக்க இருதயம் செய்தித்தாள்களை விரித்தார். பூரணி தன் மகளை ஓரமாக உட்காரவைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் சார் படிவங்களைக் கொடுத்தார். பெரியவர் மாசிலாமணி கண்ணாடியிலிருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் படிவத்தை முழுவதும் படித்தார்.

"காரணம்னு போட்ட எடத்துல 'இயற்கைச் சீற்றம்'னு இருக்குதே?" என்றார்.

"அது அச்சடிச்ச படிவம் ஐயா. எல்லாருக்கும் அதுதான்."

"ஷட்டரைத் தெறந்தது யாருன்னு மாத்தி எழுதிக் கொண்டாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் கையெழுத்துப் போடமாட்டோம். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. உக்காந்திருக்கோம்."

மற்ற பத்துப் பேரும் படிவங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். தணிகாசலம் சார் அவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

நான் கேன்டீனுக்குப் போன் செய்து பதினொரு டீ சொன்னேன். மாசிலாமணி தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார். அதையும் சொன்னேன்.